முதலிற் குடம் வரைக

ஓவியங் கற்கப் புகும் மாணவன் கோலைக் கையிலெடுத்தவுடன் எதனை வரைய விழைகின்றான்? மயில், மான், மலையருவி, தலைவர் ஒருவரின் திருமுகம் ஆகியவற்றையே. இக்காலத்திற் கைத்தொலைபேசியிற் கண்ட படமொன்றைப் பார்த்து எழுதுவோரும் பலர். அடுக்களை மூலையிலிருக்கும் தயிர்ச் சட்டியை வரைவோம் என்று எண்ணுவார் மிகச் சிலரே. “சட்டியும் ஒரு சித்திரமோ?” என்று பெற்றோரும் வினவுகின்றனர். வினா எளிது. விடையோ ஓவியக் கல்வியின் வேரைத் தொடுவது.

குடம், செம்பு, கனி, துணி முதலிய அசையாப் பொருள்களை ஒழுங்குபட வைத்து, ஓரிடத்திருந்தே நோக்கி வரைவதனை அசையாப்பொருள் ஓவியம் என்பர். தொடக்க மாணவனுக்கு இதனினும் சிறந்த ஆசான் இல்லை என்பது என் துணிபு.

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று சுட்டுகின்றது. காண்போர் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்ட கருத்து. பிறர் கண்ணில் ஒன்றை நிறுத்த வல்லவன், அதனை முதலில் தன் கண்ணில் நிறுத்தியவனாதல் வேண்டுமன்றோ? கைப்பழக்கம் பின்னது, கட்பழக்கமே முன்னது.

குடத்தின் வாய் வட்டமானது என்பது மாணவன் அறிந்த செய்தி. ஆயின், எதிரேயிருந்து நோக்குங்கால் அவன் கண்ணுக்குத் தோன்றுவது வட்டமன்று; நீள்வட்டமே. குடத்தைத் தாழ வைக்க அவ்வாய் விரியும். கண்மட்டத்துக்கு உயர்த்த ஒரு கோடாய் ஒடுங்கும். இதனை நோக்காத மாணவன் வாயை முழுவட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்துவிடுகின்றான். அவன் வரைந்தது தான் அறிந்ததை, கண்டதையன்று. அறிவு கண்ணை மறைக்கும் இடம் இது. அத்திரையை விலக்க ஒரு குடம் போதும்.

ஒளியும் நிழலும் அவ்வாறே. ஒரு சாளரத்தின் அருகே அச்செம்மண் குடத்தை வைத்துப் பாருங்கள். ஒளி படாத பக்கத்தின் ஓரமே மிக இருண்டது என்று எண்ணுவோம். உற்று நோக்கின், தரையிலிருந்து மீளும் ஒளி அவ்வோரத்தைச் சற்றே வெளிறச் செய்வதும், கடும் இருள் அதற்கு உள்ளே நிற்பதும் புலனாகும். சிவப்புத் துணிமேல் வைத்த வெண்முட்டை தன் அடியிற் செம்மை ஏற்கும். நிழலென்றவுடன் கரியைத் தேய்க்கும் கை, இவற்றைக் கண்டபின் அவ்வாறு செய்யாது.

இன்னொரு நன்மையும் உண்டு. பசு நடந்துவிடும், குழந்தை எழுந்தோடிவிடும், கடலின் நிறம் கணந்தோறும் மாறும். குடமோ காத்திருக்கும். இன்று பிழைத்த கோட்டை நாளை அதே நேரத்தில், அதே ஒளியில் திருத்தலாம். அதற்குக் கூலி வேண்டா, பொருட்செலவும் இல்லை.

உலகறிந்த சான்று ஒன்று கூறுவேன். ஒல்லாந்து தேசத்து ஓவியர் வின்சென்ற் வான்கோ 1881ஆம் ஆண்டு இறுதியில், தம் உறவினரும் ஓவியருமான அன்ரன் மௌவ் என்பாரிடம் பயிலச் சென்றார். அப்போது அவருக்கு வயது 28. அங்கே எண்ணெய் வண்ணத்தால் அவர் தொடக்கத்தில் தீட்டியவற்றுள் ஒன்று, ஒரு கோவாவும் மரத்தாற் செய்த மிதியடிகளும் அமைந்த படம். 1884இல் அயலூர் அன்பர் சிலருக்குத் தாமே ஓவியங் கற்பித்தபோதும், அத்தகைய பொருள்களையே அவர்கள் முன் வைத்தார். 1886இற் பாரிசு நகரிற் பூச்சாடிகளைத் தொடர்ந்து வரைந்து வண்ணங்களின் இயல்பை ஆராய்ந்தார். 1888இல் தோன்றிய சூரியகாந்திப் படங்களை உலகம் போற்றுகின்றது. அவற்றின் பின்னால் ஏழாண்டுப் பயிற்சி நிற்பதைப் பலர் நினைப்பதில்லை.

பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு ஓவியக் கழகத்தார் வரலாற்றுப் படங்களை உச்சியிலும் அசையாப் பொருள்களை அடியிலும் வைத்து வரிசை வகுத்தனர். அந்தக் கழகமே 1728இற் சார்டென் என்னும் ஓவியரை, அவர் தீட்டிய அடுக்களைப் பொருள்களுக்காகவே உறுப்பினராக ஏற்றது. ஏனம் எளியதாயினும் கண் எளியதன்று என்பதற்கு இது சான்று.

தமிழ் மாணவனுக்கு இக்கருத்துப் புதிதன்று. முதல், கரு, உரி என மூவகைப் பொருள் கூறும் இலக்கண மரபு நம்முடையது. பாட்டிலே உரிப்பொருள் சிறந்ததாயினும், கருப்பொருளை அறியாத புலவன் அதனை எதன்மேல் நிறுத்துவான்? அசையாப்பொருள் ஓவியம் ஓவியனுக்குரிய கருப்பொருட் பயிற்சி. கொட்டியாரக் குடாவின் கரையிலே நெய்தலும் மருதமும் கைகோத்து நிற்கும் ஊர் எம் மூதூர். எருமைத் தயிர்ச் சட்டி, சுளகு, ஓலைப்பெட்டி, மீன்பறி, விளாம்பழம், சங்கு, சிப்பி என வரையத்தக்க பொருள் இங்கு எவ்வீட்டிலும் கிடைக்கும்.

கிடைக்கும் என்றேன், எக்காலமும் கிடைக்குமென்று சொல்லேன். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் போரும் இவ்வூர் மக்களை வீடுவாசல் விட்டு ஓடச் செய்தன. மீண்டு வந்தோர் பலர் வீட்டைக் கட்டினர். பாட்டி புழங்கிய செம்பை மீட்டாரல்லர். இன்று எஞ்சியுள்ள ஒரு பொருளை ஒரு பிள்ளை மூன்று நாள் நோக்கி வரையுமாயின், அப்பொருள் அதன் நெஞ்சில் ஆயுளுக்கும் நிற்கும். பிறர் படத்தைப் பார்த்து நூறு மயில் வரைந்தாலும் இப்பேறு வாய்ப்பதில்லை.

இப்பயிற்சி கற்பனையைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவாரும் உளர். ஆண்டுதோறும் அதே பெட்டியையும் அதே கத்தரிக்காயையும் வைத்து, “அளவு பிழை” என்று சிவப்பு மையாற் கோடிடுவது கற்பித்தலாயின், அவ்வச்சம் நியாயமே. பொருள்களைத் தேர்ந்து அடுக்கும் உரிமையை மாணவனுக்குக் கொடுங்கள். சுளகைச் சாய்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா, இரு பொருளுக்கிடையே எவ்வளவு வெளி விடுவது என்று அவன் எண்ணத் தொடங்கும்போதே கற்பனை பிறந்துவிட்டது. யாப்பறிந்தவன் பாவிற் கற்பனை குன்றுவதில்லை. நடை தளராது நிற்கின்றது.

1938இல் யாழ்ப்பாணத்திற் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். ஆசிரியர்கள் கூடி வரைந்து பயில அஃது இடமாயிற்று. அத்தகைய சிறு கூட்டம் ஒன்று நம் பகுதியிலும் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, ஒரு சாளரம், ஒரு மேசை போதும். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் வீட்டுப் பொருளொன்றைக் கொணர்ந்து, ஒரே மேசையில் வைத்து வரையட்டும். ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து வரைதல் நன்று.

மயிலும் மலையும் எங்கும் ஓடிவிடா. முதலிற் குடம் வரைக.