தட்டம்மை வந்து போனால் உடம்பு பலமாகுமா? எதிர்ப்பு சக்தியின் ‘நினைவை’ அழிக்கும் வைரஸ்

“சின்ன வயசுல அம்மை ஒரு தடவை வந்துட்டுப் போயிடணும். அப்பதான் உடம்புல எதிர்ப்பு சக்தி வரும்.” இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. பாட்டி சொல்லும்போது அதில் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதே பேச்சு புதுச் சட்டை போட்டுக்கொண்டு, “இயற்கையா வர்ற இம்யூனிட்டிதான் பெஸ்ட், ஊசி எல்லாம் எதுக்கு?” என்று ரீல்ஸிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது.

இதில் பாதி உண்மை. அதுதான் சிக்கலே. தட்டம்மை ஒரு முறை வந்துவிட்டால், பெரும்பாலும் ஆயுளுக்கும் திரும்ப வராது. ஆனால் அந்த ஒரு பாதுகாப்பைக் கொடுத்துவிட்டு, உடம்பு அதுவரை சேர்த்துவைத்திருந்த மற்ற பாதுகாப்புகளில் ஒரு பகுதியை அந்த வைரஸ் அழித்துவிட்டுப் போகிறது. ரீல்ஸில் வராத மீதிப் பாதி இதுதான்.

முதலில், எந்த அம்மை என்று தெளிவாக்கிக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் ‘அம்மை’ என்றே சொல்லிவிடுகிறோம். நீர் கோத்த கொப்புளங்கள் வருவது சின்னம்மை. கன்னம், தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவித்துவிட்டார்கள். இவை எல்லாம் வெவ்வேறு வைரஸ்கள். இங்கே பேசுவது தட்டம்மை, அதாவது மீசில்ஸ். சில ஊர்களில் மணல்வாரி என்பார்கள், இலங்கையில் சின்னமுத்து. நல்ல காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள். சில நாள் கழித்து காதுக்குப் பின்னாலும் முகத்திலும் ஆரம்பித்து உடம்பு முழுக்க இறங்கும் சிவப்புத் தடிப்புகள்.

உடம்புக்குள் இருக்கும் ‘ரௌடி லிஸ்ட்’

ஒரு கிருமி உள்ளே வர முயன்றால் முதலில் தோல், மூக்குச் சளி, வயிற்று அமிலம் ஆகியவை தடுக்கும். அதையும் தாண்டிவிட்டால், அந்தப் பகுதியில் ரோந்து சுற்றும் வெள்ளை அணுக்கள் வந்து விழுங்கும். இவர்களுக்கு ஆள் யார் என்பது முக்கியமில்லை. வெளியாள் மாதிரி தெரிந்தால் போதும், அடிதான். காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் சத்தம்.

இதற்குள் ரோந்து அணுக்களில் ஒரு வகை இன்னொரு வேலையும் செய்யும். கிருமியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்கு ஓடும். தொண்டைப் புண் வந்தால் “கழுத்துல நெறி கட்டியிருக்கு” என்கிறோமே, அந்த முடிச்சுதான். அங்கே டி செல், பி செல் என்று கோடிக்கணக்கானவை காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். வந்த துண்டுக்குப் பொருந்துகிற செல் எதுவோ, அது மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும். பி செல்கள் அந்தக் கிருமிக்கென்றே ஆன்டிபாடிகளைச் சுரக்கும். டி செல்களில் ஒரு பிரிவு, கிருமி புகுந்துவிட்ட நம் செல்களையே தேடிக் கொல்லும். முதல் முறை இதற்கெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம்.

சண்டை முடிந்ததும் இந்தப் படையில் பெரும்பகுதி செத்துவிடும். கொஞ்சம் பேர் மட்டும் தங்குவார்கள். அவைதான் நினைவு செல்கள். இன்னும் சில எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஆண்டுக்கணக்காக ஆன்டிபாடி சுரந்துகொண்டே இருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் ரௌடி லிஸ்ட் வைத்திருப்பது மாதிரி. அதே ஆள் மறுபடி ஏரியாவுக்குள் கால் வைத்தால், விசாரணை எல்லாம் கிடையாது. நேராகத் தூக்கிவிடுவார்கள்.

குழந்தைக்கு அடிக்கடி சளி, காய்ச்சல் வந்துகொண்டே இருப்பதும், வளர வளர அது குறைவதும் இதனால்தான். லிஸ்ட் நீளமாகிக்கொண்டே போகிறது. (கடைகளில் விற்கும் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ பாட்டில்களின் பிரச்னையும் இதுதான். எதிர்ப்பு சக்தி பெட்ரோல் டேங்க் இல்லை, ஊற்றி நிரப்ப.)

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு உலகம் பார்த்த சிறந்த சாட்சி தட்டம்மைதான். அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆளுகையில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு 1846-ல் தட்டம்மை வந்தது. அங்கே வாழ்ந்தது சுமார் 7,800 பேர். அதில் சுமார் 6,000 பேருக்குத் தொற்றியது. டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-ல். 65 ஆண்டு இடைவெளி. 1781-ல் நோய் வந்து பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை என்று அவர் பதிவு செய்தார். இடையில் அந்த வைரஸையே பார்க்காத உடம்புகள், 65 ஆண்டுகள் அதை மறக்கவில்லை.

பாட்டி சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான்.

ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்தால்?

மற்ற பல கிருமிகள் நம் காவல் அணுக்களிடமிருந்து தப்பி ஓடப் பார்க்கும். தட்டம்மை வைரஸ் அவற்றைத் தேடிப் போகிறது. இந்த அணுக்களின் மேல் ‘ஸ்லாம்’ என்றொரு புரதம் இருக்கிறது. வைரஸ் வைத்திருக்கும் சாவி அந்தப் பூட்டில்தான் பொருந்துகிறது. மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் வரும் வைரஸ், அங்கே ரோந்து வரும் அணுக்களுக்குள் ஏறிக்கொள்கிறது. அந்த அணு தன் வழக்கப்படி நிணநீர் முடிச்சுக்கு ஓடுகிறது. குற்றவாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் இறக்கிவிட்ட கதை. அங்கே இருக்கும் நினைவு செல்களின் மேலும் அதே ஸ்லாம் பூட்டு நிறைய இருக்கிறது. வைரஸ் அவற்றுக்குள் புகுந்து பெருகுகிறது.

பிறகு உடம்பு விழித்துக்கொள்கிறது. புது டி செல்கள் கிளம்பி, வைரஸ் புகுந்த செல்களை எல்லாம் அழிக்கத் தொடங்குகின்றன. தோலில் தெரியும் அந்தத் தடிப்புகள்கூட இந்தச் சண்டையின் தடயம்தான். டி செல்கள் சரியாக வேலை செய்யாத நோயாளிகளுக்குத் தட்டம்மை வந்தால் தடிப்பே தெரியாமல் போவதுண்டு. “முத்து நல்லா வெளிய தெரிஞ்சா பயமில்ல” என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் ஒரு கூர்மையான கவனிப்பு இருந்திருக்கலாம்.

ஆனால் இந்தச் சண்டையில் வைரஸோடு சேர்ந்து, அது ஒளிந்திருந்த நினைவு செல்களும் சாகின்றன. எந்தெந்தக் கிருமிகளின் அடையாளத்தை அவை வைத்திருந்தனவோ, அந்தப் பக்கங்களும் கிழிந்துபோகின்றன. லிஸ்ட்டில் புதிதாக, பளிச்சென்று ஒரே ஒரு பெயர் ஏறுகிறது: தட்டம்மை. பழைய பெயர்களில் பல காணவில்லை. ஆங்கிலத்தில் இதை ‘இம்யூன் அம்னீசியா’ என்கிறார்கள். எதிர்ப்பு சக்திக்கு வந்த மறதி நோய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நேற்று வந்த சந்தேகமும் இல்லை. ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கிய வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே, 1908-லேயே ஒன்றைக் கவனித்தார். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டிக்கொண்டிருந்த குழந்தைகள், தட்டம்மை வந்த நாட்களில் அதைக் காட்டவில்லை. உடம்பு தற்காலிகமாக மறந்துவிட்டது.

எவ்வளவு மறக்கிறது என்பதை அளக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நெதர்லாந்தில் 2013-ல் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தம், நோய்க்கு முன்பும் பின்பும் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு தெரியவில்லை. அதற்கு முன் 2015-ல் இங்கிலாந்து, வேல்ஸ், அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வு, தட்டம்மை பரவிய பிறகு சுமார் 2 முதல் 3 ஆண்டுகள் வரை மற்ற தொற்றுகளால் குழந்தைகள் இறப்பதும் கூடியிருந்ததைக் காட்டியது.

யோசித்துப் பாருங்கள். தடிப்பு மறைந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குழந்தை பள்ளிக்கூடம் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து நிமோனியா வருகிறது. அதற்கும் அந்த அம்மைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? எந்தப் பதிவேட்டிலும் அது தட்டம்மைக் கணக்கில் வராது.

கணக்கில் வருவதே குறைவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ல் மட்டும் தட்டம்மையால் இறந்தவர்கள் சுமார் 1,07,500 பேர். பெரும்பாலானோர் 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

ஊசி செய்வதும் அதே வேலைதான்

தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்க வைக்கப்பட்ட தட்டம்மை வைரஸ். லிஸ்ட்டில் அதன் பெயர் ஏறுகிறது. மற்ற பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ‘இயற்கையா, ஊசியா’ என்ற பட்டிமன்றத்தில் தட்டம்மையைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்து இரண்டு பக்கம் கிடையாது. இரண்டு வழியிலும் கிடைப்பது அதே நினைவுதான். ஒரு வழியில் மட்டும் மற்ற நினைவுகளைப் பறிகொடுக்க வேண்டும், சில குழந்தைகள் உயிரையும்.

ஊசி வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை 2019-ல் சமோவா காட்டியது. பசிபிக் கடலில் சுமார் 2 லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 2018-ல் அங்கே இரண்டு குழந்தைகள் எம்.எம்.ஆர். ஊசி போட்ட உடனே இறந்தார்கள். காரணம் மருந்து அல்ல. மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலப்பதற்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தில் கலந்துவிட்டார்கள். ஆனால் பயம் பரவிவிட்டது. தடுப்பூசித் திட்டமும் பல மாதங்கள் நின்றது. ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் சரிந்தது. அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

நம் ஊரிலும் அந்தப் பயம் வந்ததுண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலானவர்களுக்கு தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. “ஸ்கூல்ல ஊசி போட வந்தா வேணாம்னு சொல்லிடுங்க” என்ற ரக மெசேஜ்கள் பறந்தன. பல பெற்றோர் மறுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, அந்த மெசேஜ்களை அனுப்பியவர்களுக்கு ஞாபகம் வந்திருக்குமா தெரியவில்லை.

தட்டம்மை பரவும் வேகத்தில் அலட்சியத்துக்கு இடமில்லை. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். எதிர்ப்பு இல்லாதவர்கள் அருகில் இருந்தால் 10 பேரில் 9 பேருக்குத் தொற்றும். அதனால்தான் 95 சதவீதம் பேருக்காவது இரண்டு டோஸும் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். ஊசிக்கு இன்னும் வயது வராத கைக்குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். அதைக் காப்பது சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசி மட்டுமே.

வாசலில் வேப்பிலை கட்டுவதைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ‘இந்த வீட்டுக்குள் வராதே’ என்ற அறிவிப்பு அது. நல்ல வழக்கம். ஆனால் தட்டம்மை, தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போது வைரஸ் ஏற்கெனவே தெருவைத் தாண்டியிருக்கும். பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைப்பதுதான் உண்மையிலேயே கெடுதல். சத்துக் குறைந்த குழந்தையைத்தான் இந்த நோய் அதிகம் சாய்க்கிறது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை டாக்டர்தான் வயதுக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். “அம்மனுக்கு ஆஸ்பத்திரி ஆகாது” என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அதுவும் கிடைக்காது.

அரசுத் திட்டத்தில் எம்.ஆர். ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். 9 மாதத்தில் போடும் ஒரு டோஸ் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பு தரும். அதனால் இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. தவறிவிட்டால் 5 வயது வரை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே தட்டம்மை வந்து போயிருந்தால், தடிப்பு மறைந்ததோடு கதை முடியவில்லை. அடுத்து வரும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கை ‘வழக்கமான சளிதானே’ என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது எப்போது தட்டம்மை வந்தது என்பதையும் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் வேறு ஏதாவது டோஸ் பாக்கி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.