முதல் பைக்: ஹொண்டாவா, றோயல் என்ஃபீல்டா?



பனி கரைந்து, வீதியில் கொட்டிய உப்பை மழை கழுவிக்கொண்டு போனதும் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். குளிர்காலம் முழுதும் காய்ச்சல், தூக்கமின்மை, பரீட்சைப் பதற்றம். சித்திரை வந்தால் பைக். இம்முறை வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறோம்.

"வயது 22. உயரம் 5 அடி 4 அங்குலம். ஸ்காபரோவில் வீடு, மிசிசாகாவில் வேலை. எம்1 எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறேன். முதல் பைக்காக ஒரு குறூசர் வாங்க விருப்பம். ஹொண்டா றெபெல் 500, றோயல் என்ஃபீல்ட் மீற்றியோர் 350 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது? அப்பா ஹொண்டா என்கிறார். சென்னையில் படித்த மாமா என்ஃபீல்ட் என்கிறார். அம்மா இரண்டும் வேண்டாம் என்கிறா."

கடைக்காரரிடம் கேட்கவேண்டியதைத் தாதிமாரிடம் கேட்டிருக்கிறார் இந்தத் தம்பி. கேட்டது நல்லது. பைக் எப்படிப் போகும் என்று கடையில் சொல்வார்கள். அதிலிருந்து விழுந்தவர் எப்படி வந்து சேர்கிறார் என்பதை எலும்பு முறிவு விடுதியில் நிற்கிற நாங்கள் பார்க்கிறோம். அதற்காக "வாங்காதே" என்று ஒரே சொல்லில் முடிக்கப் போவதில்லை. அப்படிச் சொன்னால் சில பிள்ளைகள் சொல்லாமல் வாங்கி, நண்பன் வீட்டுக் கராஜில் மறைத்து வைப்பார்கள். அது இன்னும் ஆபத்து. ஆகவே இரண்டையும் ஒழுங்காக நிறுத்துப் பார்ப்போம்.

அப்பாவின் ஹொண்டாவும் மாமாவின் என்ஃபீல்டும்

அப்பா ஏன் ஹொண்டா என்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை அவர் வயதினர் மறக்கவில்லை. அரிசி மூட்டையும் ஆளுமாக ஹொண்டா எம்டி 90 ஓடியது அவர்கள் கண்ணால் கண்டது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது.

மாமாவின் கதையும் உண்மைதான். இங்கிலாந்தின் றெடிச்சில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பனி அது. 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் வேரூன்றியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பனி மூடிய பிறகும் சென்னையில் 'புல்லட்' நிற்கவில்லை. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்படும் பைக்குகள் கனடாவுக்கும் வருகின்றன. நம்முடைய மொழி பேசுகிற கைகள் பூட்டிய பைக் என்று நினைக்க மனம் குளிரத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் வாங்கப்போவது அப்பாவின் எம்டி 90ஐ இல்லை, மாமாவின் புல்லட்டையும் இல்லை. றெபெல் என்ற பெயர் 1985இல் 250 சிசி பைக்காகத் தொடங்கியது. வட அமெரிக்காவில் எத்தனையோ பேர் பயிற்சி வகுப்பில் முதலில் ஏறியது அதில்தான். இப்போதுள்ள 500 சிசி றெபெல் 2017ஆம் ஆண்டு மொடலாக வந்தது. மீற்றியோர் 350 வெளிவந்தது 2020இல். இரண்டும் இளைய பைக்குகள். பழைய பெயருக்குக் கொடுக்கும் மதிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்று கடையில் நிற்கும் இயந்திரத்தைப் பார்ப்போம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பாரம் இரண்டுக்கும் ஏறக்குறைய 190 கிலோ. ஹார்லியின் பெரிய சுற்றுலா பைக்குகள் 350 கிலோவைத் தாண்டும். ஆகவே இந்த இரண்டையும் தெரிந்ததிலேயே தம்பி நிதானமாக யோசித்திருக்கிறார் என்று விளங்குகிறது.

இருக்கையின் உயரம்: றெபெல் 690 மில்லிமீற்றர், மீற்றியோர் 765. இந்த 75 மில்லிமீற்றர் காகிதத்தில் சின்ன விஷயம். 5 அடி 4 அங்குலமானவருக்கு அதுவே பெரிய விஷயம். றெபெலில் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதியும், முழங்காலும் சற்று மடியும். மீற்றியோரில் சிலருக்கு முன்பாதம் மட்டும்தான் ஊன்றும். புதியவர்கள் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. சிக்னலில் நிற்கும்போது, கார்த்தரிப்பிடத்தில் திருப்பும்போது, சரளைக்கல்லில் கால் வழுக்கும்போது. 190 கிலோ கணுக்காலின் மேல் சாய்ந்தால் அது எந்தக் கம்பனியின் கிலோ என்று எலும்பு கேட்காது.

வலு: றெபெலுக்கு 471 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர், சுமார் 45 குதிரைவலு. மீற்றியோருக்கு 349 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஐந்து கியர், சுமார் 20 குதிரைவலு. உள்ளூர் வீதியில், 50, 60, 80 கிலோமீற்றர் வேகத்தில் மீற்றியோர் மிகச் சுகமான பைக். மெதுவாகத் துடித்துக்கொண்டு போகும், தொடங்குபவரைப் பயமுறுத்தாது. 401இல் கதை வேறு. 100இல் அது போகும். ஆனால் பின்னால் பாரவண்டி நெருங்கி வரும்போது, விலகி முந்திச் செல்லக் கையில் மிச்சம் இருக்கும் வலு மிகக் குறைவு. றெபெலுக்கு அந்த மிச்சம் இருக்கிறது.

எரிபொருள் தாங்கி: மீற்றியோருக்கு 15 லீற்றர், றெபெலுக்கு 11 லீற்றர் சொச்சம். விலை: புதிதாக வாங்கினால் மீற்றியோர் குறைவு. திருத்தும் இடங்கள்: ஹொண்டாவுக்கே அதிகம்.

பிரேக்: மீற்றியோரில் இரண்டு சில்லுக்கும் ஏபிஎஸ் உண்டு. றெபெல் வட அமெரிக்காவில் ஏபிஎஸ் இல்லாமலும் விற்கப்பட்டது. ஆகவே பாவித்த றெபெல் பார்க்கப் போனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். தெரிவாக ஏபிஎஸ் பூட்டப்பட்ட பைக்குகளில் உயிரிழப்பு விபத்து வீதம், அதே மொடலின் ஏபிஎஸ் இல்லாத பைக்குகளைவிட 22 சதவீதம் குறைவு என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் கணித்திருக்கிறது. திடீரென்று குறுக்கே கார் வந்தால் புதியவர் கை என்ன செய்யும்? இறுக்கிப் பிடிக்கும். முன் சில்லு பூட்டிக்கொள்ளும், பைக் சரியும். அந்த ஒரு கணத்தைக் காப்பாற்றத்தான் ஏபிஎஸ்.

பழைய ஆய்வு ஒன்று சொல்வது

1981இல் கலிபோர்னியாவில் ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லொஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. பைக்கும் வேறொரு வாகனமும் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், மற்ற வாகனக்காரர்தான் பைக்குக்குரிய வழியை மறித்திருந்தார். எதிரே வரும் கார் இடப்பக்கம் திரும்பும் அந்தச் சந்தி இன்றைக்கும் நம் ஊரில் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. விபத்தில் சிக்கியவர்களின் சராசரி ஓட்ட அனுபவம் ஏறக்குறைய மூன்று வருடம். ஆனால் பாதிக்கு மேற்பட்டோர், விபத்துக்குள்ளான அந்தப் பைக்கை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அனுபவசாலியும் புதுப் பைக்கில் ஏறியதும் மறுபடியும் தொடக்கக்காரர்தான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், பிரேக் எவ்வளவு அழுத்தத்துக்கு நிற்கும் என்பதெல்லாம் கைக்குப் பழக மாதங்கள் வேண்டும்.

"முதலில் சின்னதை வாங்கு, ஒரு கோடை ஓட்டு, பிறகு மாற்று" என்று பைக் ஓட்டும் அண்ணாமார் சொல்வார்கள். சின்னதில் தொடங்குவது சரி. ஒரே வருடத்தில் மாற்றுவதில்தான் எங்களுக்குத் தயக்கம். இங்கே ஓடக் கிடைப்பது வருடத்துக்கு ஆறேழு மாதம். கை பழகிய நேரத்தில் பைக்கை விற்றுவிட்டு, அடுத்த சித்திரையில் புதிதொன்றில் ஏறினால் மறுபடி முதலாம் வகுப்பு. முதல் பைக் குறைந்தது மூன்று கோடைக்கு உங்களுக்குப் போதுமானதாக இருக்கவேண்டும்.

சட்டம் தரும் கால அவகாசம்

ஒன்ராறியோவில் எம்1 அனுமதி 90 நாளுக்குச் செல்லும். அதில் குறைந்தது 60 நாள் கழிந்த பிறகுதான் எம்2. எம்1இல் இருட்டில் ஓட முடியாது, பின்னால் ஆளை ஏற்ற முடியாது, வடக்கிலுள்ள சில வீதிகளைத் தவிர 80க்கு மேல் வேக எல்லையுள்ள நெடுஞ்சாலையில் ஏற முடியாது. மதுவும் அறவே கூடாது. எம்2இலும் மது பூச்சியந்தான். ஆனால் பைக்கின் வலுவுக்கு இங்கே எல்லை இல்லை. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் புதியவருக்கு எந்த பைக் என்று சட்டமே சொல்லும். நமக்கு நம் புத்திதான் சொல்லவேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் சேருங்கள். பல கல்லூரிகளில் வார இறுதியில் நடக்கிறது. பைக்கை அவர்களே தருவார்கள், சின்ன பைக். அதைக் கீழே போட்டுப் பழகலாம். வகுப்பை முடித்த பிறகுதான் கடைக்குப் போகவேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான ஆலோசனை. கிளட்ச் பிடித்த கைதான் இருக்கையில் அமர்ந்து எது தனக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியும்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் வகுப்பு. இரண்டாவது காப்புறுதி. பைக்கை வாங்கிவிட்டு முகவரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு மொடலின் பெயரையும் சொல்லி முன்கூட்டியே விலை கேளுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் அந்தத் தொகையே முடிவை மாற்றிவிடலாம். காலுடைந்து வேலைக்குப் போகாத மாதங்களில் வருமான இழப்புக்கு என்ன கிடைக்கும் என்றும் அதே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்தால் ஆறி எழும்ப நாலு, ஆறு மாதம் எடுக்கலாம். வாடகை அதுவரை காத்திருக்காது.

மூன்றாவது உடுப்பு. தலைக்கவசம் விபத்தில் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிய கொக்ரேன் மதிப்பாய்வு 2008இல் கண்டது. முகத்தையும் தாடையையும் மூடுவதை எடுங்கள். பாவித்த தலைக்கவசம் வேண்டாம். உள்ளேயிருக்கும் நுரை ஒரு முறை அடிபட்டு நசுங்கினால் வெளியே தெரியாது, மறுமுறை காக்காது. கணுக்காலை மூடும் சப்பாத்து, கையுறை, தோளிலும் முழங்கையிலும் தடுப்பு வைத்த சட்டை, தடித்த காற்சட்டை. கோடையில் புழுங்கும். தார் வீதியில் உரிந்த தோலிலிருந்து மண்ணைத் தேய்த்துக் கழுவும்போது பிள்ளைகள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள். புழுக்கம் பரவாயில்லை.

நாலாவதாகத்தான் பைக்.

எங்கள் பதில்

தம்பி, உமக்கு எங்கள் தெரிவு ஏபிஎஸ் உள்ள றெபெல் 500. காரணம் இரண்டு. உம்முடைய கால் நிலத்தில் முழுதாக ஊன்றும். எம்2 எடுத்ததும் மிசிசாகாவுக்கு 401இல்தான் போகப்போகிறீர். அங்கே மீற்றியோர் மூச்சு வாங்கும், அடுத்த வருடமே அதை விற்க நினைப்பீர்.

வேலை வீட்டுக்குப் பக்கத்தில், ஓட்டமெல்லாம் ஊர் வீதியிலும் அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்து நாட்டுப்புற வீதியிலும், காலும் எட்டுகிறது என்று வேறொருவர் கேட்டிருந்தால் மீற்றியோர் என்றே சொல்லியிருப்போம். றெபெலின் கூடுதல் விலை வகுப்பையும் உடுப்பையும் விழுங்கிவிடும் என்றால் உமக்கும் அதையேதான் சொல்வோம். அப்போது 401ஐ மறந்துவிடும், வேலைக்கு கோ ரெயினில் போம். பாதுகாப்புக்கான காசைத் தின்கிற பைக் எந்தப் பெயரில் வந்தாலும் பிழையான பைக்.

கடையில் ஒரு சோதனை. ஓடும்போது போடும் அதே சப்பாத்துடன் ஏறி இருந்து, பக்கத்துத் தாங்கியை எடுத்துவிட்டு, கைபிடியை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாரும். பிறகு இருந்தபடியே காலால் பைக்கைப் பின்னுக்குத் தள்ளும். தள்ள முடியாத பைக்கை வாங்க வேண்டாம்.

இரவு வேலை முடிந்த காலையில் ஓட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளும். தூக்கக் கண்ணுடன் கார் ஓட்டுவதே ஆபத்து.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அக்கா, உங்கள் பயம் வீண் பயமில்லை. பிள்ளையோடு ஒரு சனிக்கிழமை கடைக்குப் போங்கள். அவன் கால் நிலத்தில் ஊன்றுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தலைக்கவசத்தை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாத பிள்ளை, மழை வந்தால் "அம்மா, வந்து ஏத்துங்கோ" என்று தயங்காமல் தொலைபேசி எடுப்பான். அந்த ஒரு அழைப்புக்காகவாவது இந்தக் கதையில் நீங்களும் இருக்கவேண்டும்.

அடுத்த இதழில்: இரவு வேலை செய்பவர்கள் பகலில் தூங்குவது எப்படி? கேள்விகளை வழக்கம்போல் வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை.