சென்னைக்குப் புறப்படும் முன்: ஊவாவின் சிறுநீரக நோயும் எமது நிதி சேகரிப்பும்

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் கடிதம் ஒன்று வாசிக்கப்படுவதும், வெளியே வரும்போது வாசலில் இருவர் வாளியுடன் நிற்பதும் பதுளையில் எமக்குப் பழகிவிட்டது. "இரு சிறுநீரகங்களும் செயலிழந்துள்ளன. இந்தியா சென்று சத்திரசிகிச்சை செய்ய இவ்வளவு இலட்சம் தேவை." கிராம உத்தியோகத்தரின் கையொப்பமும் நிர்வாக சபையின் முத்திரையும் அதில் இருக்கும். இக்கடிதங்களில் சிலவற்றை எழுதிக் கொடுத்தவன் நான். ஆங்கிலத்தில் வரும் வைத்திய அறிக்கைகளை வாசித்துச் சொல்லவும் ஆசிரியர் என்ற முறையில் என்னைத் தேடி வருவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை அப்படி வந்தார். மகியங்கனைப் பக்கம் வயல் செய்பவர். முதுகு உளைச்சல், களைப்பு. சீனி இல்லை, அழுத்தம் இல்லை. சிறுநீரில் புரதமும் இல்லை என்று முதல் பக்கம் சொன்னது. "பயப்பட ஒன்றுமில்லை காக்கா" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தில் கிரியேட்டினின் அளவு எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதைக் கண்டும் பெரிதாக எடுக்கவில்லை. இந்த வருடம் அவருக்காகவும் வாளி ஏந்தப்பட்டது.

இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதை விளக்கினால், பிரச்சினையின் வேரும் விளங்கும்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய அலகுகள் இருக்கின்றன. ஒவ்வோர் அலகின் தலையிலும் ஒரு சல்லடை, அதன் கீழே வளைந்து செல்லும் ஒரு நுண்குழாய். சல்லடைகள் நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. நுண்குழாய்கள் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை, தேவையான உப்புகளோடும் சீனியோடும் சேர்த்து, இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. ஒன்றரை லீற்றர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. நீரிழிவும் உயர் அழுத்தமும் பெரும்பாலும் முதலில் சல்லடையைத் தாக்கும். சல்லடை கிழிந்தால் புரதம் ஒழுகும், சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். நுண்குழாய் நோய் அப்படியல்ல. சல்லடை நன்றாக இருக்கும்போதே குழாய்கள் சுருங்கி, இடைப்பட்ட இழையம் வடுவாகிக்கொண்டிருக்கும். புரதம் சொற்பமாகவோ, இல்லாமலோ இருக்கும். வலி, வீக்கம் எதுவும் காட்டாது. அறிகுறி தெரியும்போது பலருக்கு நோய் நான்காம், ஐந்தாம் கட்டத்தில் நிற்கும்.

எமது மாவட்டத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் உறுதிசெய்யப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், பதுளை மாவட்டத்தின் வடக்கே கிராந்துருகோட்டையிலும் வேரூன்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துடன் சுகாதார அமைச்சு நடத்தி 2013இல் வெளியான ஆய்வு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டது. பரிசோதிக்கப்பட்ட ஆண்களில் 12.9 வீதமானோருக்கும் பெண்களில் 16.9 வீதமானோருக்கும் இந்நோய் இருந்தது. இது அடிப்படையில் நுண்குழாய்களின் நோய். வன்னீரும் புளோரைட்டும், விவசாய இரசாயனம், வெயிலில் நீரிழந்து உழைப்பது எனச் சந்தேகங்கள் பல. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் களை மிஞ்சிவிட்டது என்ற முறைப்பாட்டில் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்பட்டது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களில் கிராந்துருகோட்டையின் நிலைமை இல்லை; தண்ணீரும் மண்ணும் வேறு. அதற்காக மலையில் இருப்பவர்கள் நிம்மதியடையவும் முடியாது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகு வலிக்குக் கடையில் வாங்கும் டிக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நஞ்சு. சப்சந்த என்று சிங்களத்திலும் ஈஸ்வரமூலி என்று தமிழிலும் அழைக்கப்படும் மூலிகையில் உள்ள அமிலம் நுண்குழாய்களையே குறிவைத்து அழிக்கும். "இங்கிலீஷ் மருந்துதான் கெடுதி, நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். எலிக்காய்ச்சலும் குழாய்களைத் தாக்கும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். வடுவாகிப்போன நுண்குழாயை மீட்கும் மருந்து சென்னையிலும் இல்லை, வேலூரிலும் இல்லை, உலகில் எங்கும் இல்லை. அதே இந்தியாவில், ஆந்திராவின் உத்தானம் பகுதியில் இதே போன்ற நோய் விவசாயிகளைக் கொல்கிறது. அங்கும் காரணம் உறுதியாகவில்லை. 2021இல் பொலன்னறுவையில் சீன உதவியுடன் 200 கட்டில்களுடைய சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டது; 2023 டிசம்பரில் உத்தானத்துக்கு அருகே பலாசாவிலும் 200 கட்டில்களோடு ஒன்று திறக்கப்பட்டது. நாம் எந்த நாட்டை நோக்கி ஓடுகிறோமோ, அந்த நாடும் இதே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நோயாளி அங்கே உண்மையில் தேடிச் செல்வது மாற்றுச் சிறுநீரகத்தைத்தான். அது பணம் கொடுத்தால் கிடைக்கும் பொருளல்ல. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நெருங்கிய உறவினரல்லாத இந்தியர் ஒருவர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியாது. உறவினரைக் கூட்டிச் சென்றாலும் உறவை எமது தூதரகத்தின் உயர் அதிகாரி அத்தாட்சிப்படுத்தவும், அனுமதிக் குழு ஒப்புதல் தரவும் வேண்டும். "அங்கே ஒரு ஆள் இருக்கிறார், எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று எவரேனும் சொன்னால் அவர் தரகர். 2016 ஜனவரியில் இந்தியர்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து சிறுநீரகம் எடுத்த விவகாரத்தை நல்கொண்டா பொலிஸார் அம்பலப்படுத்தியதும், வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையை எமது அரசு நிறுத்தியதும் நினைவிருக்கும். மார்க்க ரீதியாகவும் தயக்கம் வேண்டியதில்லை: 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி உறுப்பு தானத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பனையைத் தடுத்தது.

பணக் கணக்கையும் பார்ப்போம். பத்து இலட்சம் இந்திய ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 நெருக்கடிக்கு முன் அது ஏறக்குறைய 27 இலட்சம் இலங்கை ரூபா. பின்னர் அது 35 இலட்சம் அளவுக்கு உயர்ந்தது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில், மாதம் 25 நாள் பெயர் விழும் தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டரை வருட உழைப்பாக இருந்தது. அதோடும் முடியாது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும், இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தச் செலவு இருக்கவில்லை.

கண்டி தேசிய வைத்தியசாலையில் மாற்றுச் சிகிச்சை இலவசம். காத்திருப்பு நீண்டது என்பதும், 2022இல் மருந்துத் தட்டுப்பாடு மக்களை எவ்வளவு பயமுறுத்தியது என்பதும் உண்மை. பொருந்தும் உறவினர் ஒருவர் இருந்து, உள்ளூர் நிபுணர் எழுத்தில் சிபாரிசு செய்தால் வெளிநாடு செல்வதில் பிழையில்லை. என் மனத்தாங்கல், அந்த நிபுணரைச் சந்திக்கும் முன்னரே விமானச் சீட்டுக்குக் கடிதம் எழுதப்படுவதில்தான். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிறுநீரக நோயாளர் மாதக் கொடுப்பனவு 10,000 ரூபாவாகியிருக்கிறது. இவற்றைத் தெரியாமலேயே சிலர் வாளியை நம்பி நிற்கிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளராத, கால் வளைந்த, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளைக்குப் பரம்பரையான நுண்குழாய்க் கோளாறு இருக்கக்கூடும். நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். இவற்றில் அமிலம் தேங்கும் வகைக்கு மருந்து, காரக் கரைசலும் பொட்டாசியமுந்தான், மலிவானது. மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால் வெளிநாடு போக வேண்டியது இரத்த மாதிரி, பிள்ளையல்ல.

நிர்வாக சபையிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். சேரும் நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் எம்மவர்களுக்கு வருடம் ஒருமுறை கிரியேட்டினின் பரிசோதனை செய்து, கூடியிருப்பவர்களை வேன் பிடித்து சிறுநீரக கிளினிக்குக்கு அனுப்புவது. "நோய் வராத ஆளுக்குச் செலவழிக்கவா சனம் காசு போட்டது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸகாத்தை விட்டு ஸதகா நிதியிலிருந்து எடுக்கலாமா என உலமாக்களிடம் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

வயல் செய்த அந்தக் காக்கா இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகிறார். மனைவி சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார், பொருத்தம் பார்க்கிறார்கள். சேர்ந்த பணம் பள்ளிவாசல் கணக்கிலேயே இருக்கிறது. அவருடைய மகனும் தகப்பனோடு அதே வயலில் நின்றவன். போன கிழமை தனது அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தான். இரண்டாம் பக்கத்தை முதலில் திறந்தேன்.