தாளின் முதல் வரி

மாரி மழை சற்று ஓய்ந்ததும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காய்ச்சல் வீடு தேடி வருகிறது. முழுக் குருதிப் பரிசோதனைத் தாள் கைக்கு எட்டியவுடன் உறவினர் வினவுவது ஒன்றே: பிளேட்லட் எத்தனை? தாளின் தலைவரியில் நிற்கும் வெண்குழிய எண்ணிக்கையைக் கேட்போர் அரியர்.

டெங்குவில் முதற்கண் குறிகாட்டுவது அவ்வரியே. வளர்ந்தோரின் குருதியில் மைக்ரோலீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள் இருத்தல் இயல்பு. டெங்கு வைரசு என்பு மச்சையைச் சிலகாலம் ஒடுக்குவதால், காய்ச்சலின் தொடக்க நாட்களிலேயே அத்தொகை 5,000இற்கும், சிலவேளை இயல்பின் கீழெல்லைக்கும் கீழே இறங்கக்கூடும். பிளேட்லட் சரிவதும், குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதும் பெரும்பாலும் அதன் பின்னரே. காய்ச்சல் விட்டதென்று வீட்டார் நெஞ்சாறும் பொழுதில்தான் அக்கசிவு தொடங்குகிறது. 2017இல் இலங்கையில் 186,000இற்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டனர். 400இற்கு மேற்பட்டோரை இழந்தோம். அத்துயரை அறிந்த மக்கள் அம்முதல் வரியை இன்னும் புறக்கணித்தல் தகாது.

நிந்தவூர், சம்மாந்துறை வயல்களில் இறங்கிய உழவரை எலிக்காய்ச்சல் பற்றினாலோ, வெண்குழியம் பெரும்பாலும் உயர்ந்து காணப்படும். இரு காய்ச்சல்களையும் பிரித்தறிய மருத்துவருக்கு அதுவும் ஒரு துணை.

ஆயினும் அவ்வரியைப் பார்ப்போரிற் பலர் அஞ்சியே பார்க்கின்றனர். வெள்ளை அணு கூடிவிட்டது என்ற சொல் செவிப்பட்டதும் குருதிப் புற்று என்ற திகில் வீட்டிற் குடியேறுகிறது. மகளுக்குக் கலியாணம் பேசும் வீடாயின் தாளை ஒளித்துவைக்கவும் துணிவர். கிருமித் தொற்றும் குடற்புழுவும் ஆஸ்துமாவும் ஸ்டீரோயிட் மாத்திரையும், ஏன், கர்ப்பமுங்கூட வெண்குழியங்களில் ஏதேனும் ஒருவகையைப் பெருக்கவல்லன. விற்றமின் பீ12 குறைந்தால் எண்ணிக்கை தாழும். இவற்றுட் பல, காரணம் நீங்கத் தாமே சீர்ப்படுவன. இதை நோயாளியிடம் எடுத்துரைக்க மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை அவர் மறுக்கலாகாது.

உடனே செயற்பட வேண்டிய நிலையும் ஒன்றுண்டு. தைரொயிட் மிகைச் சுரப்புக்கு அளிக்கப்படும் கார்பிமசோல் மாத்திரை, அரிதாகச் சிலரில், கிருமிகளை எதிர்க்கும் நடுநிலைநாடி எனும் வெண்குழியங்களை அறவே குன்றச் செய்யும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அவை 500இற்குக் கீழே வீழ்ந்தவருக்குச் சாதாரணத் தொற்றும் உயிர்க்கேடு. இம்மாத்திரை உண்போருக்குத் தொண்டைநோவோ காய்ச்சலோ கண்டால், மாத்திரையை நிறுத்தி அன்றே வைத்தியசாலை சென்று குருதியைச் சோதித்தல் வேண்டும்.

தொற்றுநோய் வாராந்த அறிக்கையில் கல்முனை அம்பாறையினின்று பிரித்துத் தனியே எண்ணப்படுகிறது. அத்தனிக் கணக்குடைய கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் நாம் கோருவது சிறிது. மேற்சொன்ன எச்சரிக்கையைத் தமிழில், கண்பார்வை மங்கிய உம்மாமாரும் வாசிக்கத்தக்க பெரிய எழுத்தில், ஒவ்வொரு கார்பிமசோல் பையின்மீதும் அச்சிட்டுத் தருக.