தத்தெடுத்த குட்டி வீட்டுக்கு வராது

உடவளவையில் பால் நேரம் வந்தால் யாரும் மணி அடிக்கத் தேவையில்லை. கதவு திறந்ததும் யானைக் குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடிவருகின்றன. பணியாளர் புனலில் ஊற்றும் பால் குழாய் வழியே வாய்க்குள் இறங்குகிறது. தன் பங்கு முடிந்தும் ஒன்று நகராமல் நின்று தும்பிக்கையால் புனலைத் துழாவும். அதைத் தள்ளிவிட்டால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இதே பாடு.

சப்பிரகமுவையும் ஊவாவும் சந்திக்கும் எல்லையில், 1995இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தொடங்கிய நிலையம் இது. தாயை இழந்தவையும் கிணற்றில் விழுந்தவையும் இங்கே வளர்கின்றன. ஓரளவு வளர்ந்ததும் கூட்டமாகக் காட்டில் விடப்படுகின்றன. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் சேர்பவர் பால் செலவில் பங்கேற்கிறார். அவ்வளவுதான் உறவு. குட்டியைத் தொடவும் முடியாது.

கேகாலையின் பின்னவல யானைகள் காப்பகத்துக்கு 1975இலிருந்து உலகமே வருகிறது. ஆனால் அங்குள்ள யானைகளுக்குக் காடு திரும்பும் வழி இல்லை. உடவளவை காட்டும் வழியே சரி.

வெளிநாடுகளில் திமிங்கிலத்தையும் இப்படித்தான் தத்தெடுக்கிறார்கள். ஒரு படமும் சான்றிதழும் கைக்கு வரும்; பணம் ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் போகும். நம் தெற்குக் கடலிலும் நீலத்திமிங்கிலங்கள் உண்டு. தெவிநுவரவுக்கு அப்பால் அவை இரை தேடும் இடத்தை ஒட்டியே பெருங்கப்பல்கள் போகின்றன. மோதிச் செத்தவையும் உண்டு. ஆய்வாளர் ஆஷா டி வோஸ் போன்றோர் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்ன பிறகு, 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலகிப் போக வைத்தது.

இரத்தினபுரித் தேயிலைத் தோட்டப் பிள்ளைக்குக் கடல் தூரம்தான். ஆனால் லயத்துக் கானில் விழும் பிளாஸ்ரிக் பை மழையோடு களுகங்கையில் சேர்ந்து களுத்துறையில் கடலைத் தொடுகிறது.

ஆகவே தோட்டப் பாடசாலைகள் சில சேர்ந்து முதலில் உடவளவையில் ஒரு குட்டியையும், பிறகு ஒரு திமிங்கிலத்தையும் பொறுப்பேற்கட்டும். நாட்சம்பளக் குடும்பங்களிடம் காசு கேட்கக் கூடாது. தில்மா தேயிலை நிறுவனம் உடவளவை நிலையத்துக்கு ஏற்கெனவே உதவியிருக்கிறது; தோட்டக் கம்பனிகள் கட்டணத்தைக் கட்டலாம். சான்றிதழில் மட்டும் பாடசாலையின் பெயர் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை பலாங்கொடையிலிருந்தும் இறக்குவானையிலிருந்தும் ஒரு பஸ் பிள்ளைகளைப் பால் நேரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.