சீருடைக்குள் மறைக்கப்படும் கசிவு

கோரிமேட்டுக் காவலர் மைதானத்தைக் கடந்து செல்லும் இளம்பெண்களுள் ராணுவச் சீருடையைக் கனவு காண்போர் இன்று உண்டு. சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992இல் பெண்களுக்கான பயிற்சி தொடங்கியது. 2021 மே மாதம் பெங்களூரில் 83 பெண்கள் ராணுவக் காவல் பிரிவின் சிப்பாய்களாகப் பயிற்சி முடித்தனர். ஆயினும் பெண் வீரரின் உடல்தகுதி பற்றிய நம் பேச்சு உயரம், எடை, ஓடி முடிக்கும் நேரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

முன்புற இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளியைப் போல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குபவை இத்தசைகள். கனத்த சுமையைத் தூக்கும்போதும் உயரத்திலிருந்து குதிக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் பெருகி அத்தூளியின்மீது இறங்குகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கே இத்தொல்லை வரும் என்பது பரவலான எண்ணம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில், பிள்ளை பெறாத மாணவியரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு அதை மறுக்கிறது. பாராசூட் பயிற்சி பெற்றவர்களிடம் உறுப்பிறக்கம் கூடுதலாகக் காணப்பட்டது.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது கசிவைவிட, அதை மறைக்கப் பெண்கள் கையாளும் வழி. கழிப்பறை இல்லாத பணியிடத்தில் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பெண் வீரர்களிடமும் இப்பழக்கம் பதிவாகியுள்ளது. திருவிழாப் பாதுகாப்பில் வெயிலில் நாள் முழுதும் நிற்கும் நம்மூர்ப் பெண் காவலருக்கும் இது புதிதன்று. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி பிறக்கும். மலச்சிக்கலால் முக்குவது அதே தசைகளை மேலும் தளர்த்தும்.

மகப்பேற்றுக்குப் பின் 180 நாள் விடுப்பு ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு உண்டு. மற்ற நிலையினருக்கும் அவ்விதிகளை விரிவாக்க 2023 நவம்பரில் ஒப்புதல் வழங்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் நாள்காட்டி தசையை ஆற்றுவதில்லை. விடுப்பு முடிந்து அணிவகுப்புக்குத் திரும்பும் முன் இடுப்புத்தளப் பரிசோதனை நடைபெற வேண்டும். ஓட்டமும் சுமையும் படிப்படியாகக் கூட்டப்பட வேண்டும். அறுவை மூலம் பெற்றவருக்கும் இது பொருந்தும். கசிவைச் சொன்னால் மருத்துவத் தகுதி குறைந்து பணி உயர்வு தடைபடும் என்ற அச்சம் நீங்காதவரை எந்தப் பரிசோதனையும் பயன் தராது என்பது என் கருத்து. கணுக்கால் சுளுக்கைச் சொல்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லையே!

இதற்கு முதல் மருத்துவம் பயிற்சியே. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விவரித்த முறை அது. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்துச் சில விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்காதீர்கள், சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்காதீர்கள். இருமுவதற்கும் பளு தூக்குவதற்கும் சற்று முன்னே தசையை இறுக்கிக்கொள்வது தனிப் பலன் தரும். சிலருக்குத் தசை தளர்ந்திராமல் எந்நேரமும் இறுகியிருக்கும். வலியுள்ளவர்கள் இயன்முறை மருத்துவரின் துணையோடு தொடங்குவதே நன்று.

கீழே ஏதோ இறங்குவதாக உணர்ந்தாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திராதீர்கள். சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

விடுப்பில் வந்திருக்கும் மகளோ மருமகளோ வெளியே கிளம்புமுன் தண்ணீரைத் தவிர்ப்பதைக் கண்டால், “பிள்ளை பெற்றால் அப்படித்தான்” என்று கடந்துவிடாதீர்கள். எவ்வளவு குடித்தார், எத்தனை முறை கழித்தார், எப்போது கசிந்தது என மூன்று நாள்கள் அவர் குறித்துவைக்கட்டும். மகளிர் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது அத்தாளையும் கொண்டுவாருங்கள்.