மனம் இல்லை என்று யார் சொன்னது?

தமிழ் படித்து பி.எட். முடிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலையில் மனம் இல்லை, வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் என்று ஊரே பேசுகிறது. பள்ளித் தாளாளர்கள் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே சொல்லும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது.

முடிச்சூரில் எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். எம்.ஏ. தமிழ், பி.எட். 2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர். பகலில் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். மாலையில் வீடு திரும்பியதும் வாசலில் பாய் விரித்துத் தெருப் பிள்ளைகளை உட்கார வைப்பார். ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே வளைகிறது என்று வாயைத் திறந்து காட்டுவார். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கொடுக்காத வீட்டில் கேட்டதில்லை. இவருக்கா மனம் இல்லை?

தேறியவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் பணி நியமனத்துக்கு வெயிட்டேஜ் முறை வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டதில், மதிப்பெண் தாராளமாக விழாத காலத்தில் படித்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். 2018-ல் அரசாணை 149 வந்தது: தேறியவரும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு நடந்ததோ 2024 பிப்ரவரி 4 அன்று. ஜனவரி 7 என்றிருந்தது, மழை வெள்ளத்தால் தள்ளிப்போனது. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, அந்தப் பெண் முதலில் பரணில் ஏற்றியது தன் இலக்கண நோட்டுகளை. 2023-ல் இவரைப் போன்றவர்கள் நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித்துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் வேலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலையை விரும்பாதவர் அதற்காகப் பட்டினி கிடப்பாரா?

பள்ளிகளில் இடம் இல்லாமலா இந்த நிலை? 2022-ல் 5,154 பட்டதாரி ஆசிரியர் இடங்கள் காலி என்று அரசே சொன்னது. அவற்றைத் தற்காலிகமாக நிரப்ப அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 10,000 ரூபாய்.

விருப்பமின்றித் தமிழ் எடுத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. பொறியியலில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? ஆனால் பத்தாண்டு காத்திருந்து, வீட்டு வாடகைக்கும் பிள்ளை ஃபீஸுக்கும் வழியின்றி வேறு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப் போனவரை ‘மனமில்லாதவர்’ என்பது அநியாயம். நாம்தான் அவரை அனுப்பி வைத்தோம்.

தேர்வை ஆண்டுதோறும் சொன்ன தேதியில் நடத்துங்கள். காலி இடத்தை முழு ஊதியத்தில் நிரப்புங்கள். அதுவரை அந்தப் பிள்ளைகளின் மனதைப் பற்றிப் பேசாதீர்கள்.